வாரண்டி முடிந்த காருக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கேள்வி இதுதான். 2016 மாடல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 1.5 பெட்ரோல், மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது செக் என்ஜின் லைட் எரிகிறது. மெக்கானிக் ஸ்கேன் போட்டுப் பார்த்து பி0171 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வருகிறது என்கிறார், ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். ஸ்கேன் போடும்போதெல்லாம் 500 ரூபாய் தருவதற்குப் பதில் சொந்தமாக ஒன்று வாங்கலாமா? ஆன்லைனில் 400 ரூபாய்க்கும் இருக்கிறது, 40,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எது சரி?

தாராளமாக வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு என்றால் காரின் சாக்கெட்டில் மாட்டும் ஒரு நல்ல புளூடூத் அடாப்டரும், போனில் ஃபோர்ஸ்கேன் லைட் ஆப்பும் போதும். 400 ரூபாய்ப் பொருளும் வேண்டாம், 40,000 ரூபாய்ப் பொருளும் வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சாரை இப்போதைக்கு வாங்காதீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஸ்கேனரை விலை பார்த்தோ திரையின் அளவு பார்த்தோ எடுப்பதில் பயனில்லை. உங்கள் காரில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் எத்தனையோடு அது பேசும் என்பதுதான் கணக்கு. இது ஏன் வண்டிக்கு வண்டி மாறுகிறது என்று புரிய, ஓபிடி, அதாவது கார் தன் பழுதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு, எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஓபிடி-2 வந்தது மெக்கானிக்குகளுக்கு உதவுவதற்காக அல்ல, புகைக்காக. கலிஃபோர்னியாவில் காற்று மாசு தாங்காமல்தான் இந்த விதிகளே முதலில் எழுந்தன. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2. சட்டம் கேட்டது புகையைப் பாதிக்கும் விஷயங்களை மட்டும்தான். அதனால் எந்தக் கம்பெனி ஸ்கேனரை மாட்டினாலும் எல்லாக் கார்களும் பொதுவான மொழியில் பதில் சொல்வது என்ஜினைப் பற்றியும், ஓரளவு கியர்பாக்ஸைப் பற்றியும்தான். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங், கதவுப் பூட்டு, ஏசி எல்லாம் அந்தந்தக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்ட மொழியில் பேசும். பெட்டியில் ‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று அச்சடித்திருந்தால் அது பொய்யில்லை, ஆனால் பொருந்துவது என்ஜினுக்கு மட்டும். ஏபிஎஸ் லைட் எரியும்போது அதே கருவி ‘கோட் எதுவும் இல்லை’ என்று காட்டும், நீங்களும் வண்டி சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள்.

கோடின் முதல் எழுத்தே இதைச் சொல்லிவிடும். பி என்றால் என்ஜினும் கியரும், சி என்றால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பக்கம், பாடி சார்ந்தது இன்னொரு பி (ஆங்கிலத்தில் பாடியின் முதல் எழுத்து), யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையில் பேச்சு அறுந்திருக்கிறது. அடுத்த இலக்கம் 0 என்றால் பொதுவான கோட், 1 என்றால் கம்பெனியின் சொந்தக் கோட். யு கோடுகள் ஒரே நேரத்தில் ஏழெட்டு வந்தால் பதறாதீர்கள், முதலில் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கிய பேட்டரியோடு செல்ஃப் அடித்தால் மாட்யூல்கள் (காரில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர்கள்தான்) ஒன்றையொன்று காணவில்லை என்று வரிசையாகப் புகார் எழுதி வைத்துவிடும்.

சரி, உங்கள் ஃபோர்டுக்கு வருவோம். மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்ற பிறகு ஃபோர்டு வைத்திருப்பவர்கள் பலரும் கொஞ்சம் கைவிடப்பட்ட மாதிரி உணர்கிறார்கள். ஆனால் சொந்தமாக ஸ்கேன் செய்ய நினைப்பவருக்கு இந்த விலையில் ஃபோர்டு மாதிரி வசதியான வண்டி குறைவு. காரணம் ஃபோர்ஸ்கேன். ஃபோர்டு, மாஸ்டா குடும்பத்துக்கென்றே எழுதப்பட்ட சாஃப்ட்வேர் அது. வண்டியில் இருக்கும் மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ஏபிஎஸ், ஏர்பேக் உட்பட எல்லாவற்றின் கோடுகளையும் எடுத்துக் காட்டும். போனுக்கு லைட் பதிப்பு, சின்னத் தொகைதான். விண்டோஸ் லேப்டாப்புக்கு முழுப் பதிப்பு இருக்கிறது. செட்டிங்குகளை மாற்றும் வேலை அதில்தான் நடக்கும், அதற்குத் தனி லைசென்ஸும் வேண்டும். முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம். போனாலும், இருக்கும் செட்டிங்கை முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, பேட்டரிக்கு சார்ஜர் போட்டுவிட்டு, வயர் இணைப்பில் செய்யுங்கள்.

ஃபோர்டில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட்டில் 16-ஆவது பின் பேட்டரி பாசிட்டிவ், 4-உம் 5-உம் எர்த். என்ஜின் கம்ப்யூட்டர் பேசும் வேகமான கேன் லைன் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர் ஜோடி) 6, 14 பின்களில் வருகிறது. ஃபோர்டில் இதுபோக 3, 11 பின்களில் இன்னொரு கேன் லைன் உண்டு, எம்எஸ்-கேன் என்பார்கள், கொஞ்சம் வேகம் குறைந்தது, ஆடியோ, ஏசி போன்ற உள்வசதி மாட்யூல்களுக்காக. சாதாரண அடாப்டர் 6, 14-ஐ மட்டுமே தொடும். அதனால் எம்எஸ்-கேன் உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ் அப்படிப்பட்டது, நன்றாக உழைக்கும், ஆனால் இங்கே விலை அதிகம். விகேட் கம்பெனியின் விலிங்கர் எஃப்டி பிளஸ் அதே வேலையைக் குறைந்த விலையில் செய்யும், ஃபோர்டுக்கென்றே வந்தது. லேப்டாப் வைத்துச் செய்வதென்றால் அதே கம்பெனியின் யுஎஸ்பி மாடல், விலிங்கர் எஃப்எஸ். சிலர் மலிவு அடாப்டரில் சின்ன சுவிட்ச் வைத்து 6-14-இலிருந்து 3-11-க்கு மாற்றுவார்கள். வேலை செய்யும், ஆனால் ஸ்கேன் ஓடும்போது நடுவில் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருந்தால் இன்னொன்று. பழைய வகை புளூடூத் அடாப்டர்கள் ஐபோனோடு சேராது. புளூடூத் எல்இ அல்லது வைஃபை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். திருப்பி அனுப்பப்படும் அடாப்டர்களில் பாதி இதனால்தான் திரும்புகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

400 ரூபாய்ப் பொருளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் ‘இஎல்எம்327’ என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது அது இல்லை. இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடாக் கம்பெனி எழுதிய சிப் அது. முதல் பதிப்பில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட விட்டுவிட்டார்கள், அதைப் படியெடுத்துத்தான் சந்தை முழுவதும் நிறைந்தது. அந்தக் கம்பெனி 2022-இல் மூடிவிட்டது, படிகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கடைகளில் ‘ஒரிஜினல் வி1.5’ என்று விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை, 1.4-க்குப் பிறகு நேராக 2.0-க்குப் போய்விட்டது. ‘வி2.1’ என்று வருபவை பெரும்பாலும் இன்னும் மோசம், பல கட்டளைகளை அவை புரிந்துகொள்ளவே செய்யாது. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில் எடுத்தாலும் ஆன்லைனில் எடுத்தாலும் இதே கதைதான். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று நன்றாக வேலை செய்யும், அதே பெட்டியில் வரும் அடுத்தது பாதி டேட்டாவில் நின்றுவிடும். கோடை மட்டும் படித்து அழிக்கப் போதும். லைவ் டேட்டா பார்க்கும்போது எண்கள் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை மாறினால், பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

திரையோடு வரும் கைக்கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வகை என்ஜின் கோட் மட்டும் படிக்கும், அதை நல்ல அடாப்டரும் ஆப்பும் சேர்ந்து இன்னும் அழகாகச் செய்யும். ஒரே ஒரு நன்மை, போன் சார்ஜ் இல்லாத ராத்திரியில் டேஷ்போர்டில் கிடந்தால் உதவும். அதற்கு மேலே ஏபிஎஸ், ஏர்பேக் படிப்பவை, அதற்கும் மேலே இருவழித் தொடர்பு உள்ளவை. இருவழி என்றால் கருவி கேட்க மட்டும் செய்யாது, கட்டளையும் இடும்: ரேடியேட்டர் ஃபேனை ஓட விடு, பெட்ரோல் பம்பை ஓட்டு, ஏபிஎஸ்ஸில் காற்றை வெளியேற்று என்று. எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பிரேக் பேட் மாற்றவும், பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்துக்கொண்டால் அந்தக் கரியை எரிக்கவும், டீசல் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் நம்பரை கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் இது வேண்டும். ஸ்பேனரை நீங்களே பிடிக்கிறவர் என்றால், அல்லது வீட்டில் மூன்று கார் இருக்கிறதென்றால் ஆட்டெல், லாஞ்ச் மாதிரிக் கம்பெனிகளின் இந்த வகையை யோசிக்கலாம். உங்களுக்குத் தேவையில்லை.

அப்படி வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கம்பெனி இணையதளத்தில் கவரேஜ் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் கார் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, இந்தியாவில் விற்ற மாடலா, வருடம் எது, என்ஜின் எது, எந்தெந்த மாட்யூல், அதில் என்னென்ன வேலை என்று கடைசிக் கட்டம் வரை போய்ப் பாருங்கள். அமெரிக்க கார்களுக்கென்று வந்த கருவி இங்கேயும் விற்கிறது, அதில் மாருதி இருக்காது. அப்புறம் அப்டேட். முதல் வருடம் இலவசம் என்று கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் சந்தா கட்டாவிட்டால் பழைய வசதிகளையும் பூட்டிவிடும் கருவிகள் இருக்கின்றன. வாங்குமுன் விற்பவரிடம் இதைத் துண்டாகக் கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் வேறு கார் வைத்திருக்கலாம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் ராஸ்-டெக்கின் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன், இரண்டுமே அந்தக் குடும்பத்தைத் தலைகீழாகத் தெரிந்தவை. விசிடிஎஸ்ஸின் போலிக் கேபிளைத் தொடாதீர்கள், அதோடு வரும் உடைத்த சாஃப்ட்வேர் லேப்டாப்புக்கும் ஆபத்து. ஃபியட் புன்டோ, லீனியாவுக்கு மல்டிஇசியுஸ்கேன். ரெனோவுக்கு டிடிடி4ஆல் என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது, ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டியது. மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திராவுக்கு இந்த அளவுக்கு ஆழமான தனி ஆப் எதையும் என்னால் பரிந்துரைக்க முடியாது. என்ஜினுக்கு மட்டும் கார் ஸ்கேனர் அல்லது டார்க் ஆப் போதும், ஏபிஎஸ்ஸும் வேண்டுமென்றால் கவரேஜ் பார்த்து ஒரு கைக்கருவி எடுப்பதுதான் வழி. 2013-க்கு முந்தைய வண்டி என்றால் சாக்கெட் அதே மாதிரி இருந்தாலும் பொது மொழியில் பதில் வராமல் போகலாம். எனவே வாங்குமுன் யாரிடமாவது கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

இனி அந்த பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதுதான் அதன் பொருள். இதில் ‘ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது’ என்று எங்கேயும் இல்லை. பார்க்கப்போனால் அந்த சென்சார்தான் புகாரைக் கொண்டு வந்த ஆள், தன் வேலையைச் செய்திருக்கிறது. சென்சாரே பழுதென்றால் பி0133 போல அதற்கென்று தனிக் கோடுகள் சேர்ந்து வருவது வழக்கம்.

கோடை அழிக்காதீர்கள். முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறங்கள். லைட் எரிந்த அந்த நொடியில் என்ஜின் எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு லோடில், எத்தனை டிகிரி சூட்டில் இருந்தது என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். மெக்கானிக் ஏற்கெனவே அழித்திருந்தால் அடுத்த முறை லைட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டலாம், மினுக் மினுக் என்று விட்டுவிட்டு எரிந்தால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், எனவே ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ஃப்யூல் ட்ரிம். லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும். தான் போட்ட கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கம்ப்யூட்டர் சமாளிக்கிறது என்பதுதான் அவை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், பத்து வரை பொறுத்துக்கொள்ளலாம். பல வண்டிகளில் இருபது, இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் பி0171 போடும். நம் ஊரில் இப்போது இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய பெட்ரோலை விடக் குறைந்த காற்று போதும், அதனால் அதே காற்றுக்கு அதிகத் திரவம் ஊற்ற வேண்டியிருக்கிறது. இ10-ஐ விட நாலைந்து சதவீதம் கூட. இ20-க்கென்று அமைக்காத 2016 வண்டியில் ட்ரிம் எப்போதும் அந்த அளவு மேலேயே நிற்கலாம். அது மட்டும் லைட்டை எரிய வைக்காது. ஆனால் வேறு சின்னக் கசிவு சேர்ந்தால் எல்லையைத் தாண்ட அதுவே போதும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு, ஐடிலிங்கில் இரண்டு ட்ரிம்மையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி எழுதுங்கள். ஐடிலிங்கில் 18, 2,500-இல் 4 என்று இறங்கினால் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது: விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், பிசிவி குழாய், மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய். ஐடிலிங்கில்தான் உள்ளே உறிஞ்சல் அதிகம், மொத்தக் காற்று குறைவு, அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். இது காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டிக்குத் துல்லியமாகப் பொருந்தும். உங்கள் லைவ் டேட்டாப் பட்டியலில் எம்ஏஎஃப் வராமல் மேப் (மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் சென்சார்) மட்டும் வந்தால், உள்ளே வந்த கள்ளக் காற்றையும் மேப் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ட்ரிம் அவ்வளவு ஏறாது, ஐடிலிங் ஆர்பிஎம் ஏறுவதுதான் முதலில் தெரியும். அந்த வண்டியில் பி0171 வந்தால் பெட்ரோல் வரத்தையும், முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்பதையும் முதலில் சந்தேகப்படுங்கள். பைப்பில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் ட்ரிம் ஏறினால் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று பெட்ரோல் பக்கம் போக வேண்டும், எம்ஏஎஃப் உள்ள வண்டியில் அதன் அழுக்கையும் பார்க்க வேண்டும்.

ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். முன் சென்சார் வோல்ட்டில் காட்டும் சாதாரண வகை என்றால், சூடான என்ஜினில் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். 2,500-இல் பிடித்து சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் மேலே போக வேண்டும், காலை எடுத்தால் கீழே விழ வேண்டும். உடனுக்குடன் அசைகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள். பின் சென்சார் அதிகம் ஆடாமல் நிற்பதுதான் நல்லது. அதுவும் முன் சென்சாரைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் தேய்ந்திருக்கலாம், பி0420 வரும் வழி அது.

இந்த எண்களை போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போங்கள். ‘நெட்டில் பார்த்தேன்’ என்று ஆரம்பிக்காமல், ‘ஐடிலிங்கில் பதினெட்டு, ரெய்ஸ் பண்ணினால் நாலு, ஹோஸ் ஏதாவது லீக் ஆகுமாண்ணே?’ என்று கேட்டால் நல்ல மெக்கானிக் உடனே பானட்டைத் தூக்குவார். அடாப்டரை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள். சாவியை எடுத்தாலும் 16-ஆவது பின்னில் மின்சாரம் இருக்கும், பத்து நாள் நிறுத்தி வைத்தால் பழைய பேட்டரி படுத்துவிடும். பல அடாப்டர்களின் புளூடூத் பாஸ்வேர்டு 1234 அல்லது 0000 என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கசிவை அடைத்த பிறகு கோடை அழித்துவிட்டு, ஊருக்குள்ளும் ஹைவேயிலுமாகச் சில நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். அழித்ததும் மானிட்டர்கள் (கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போயிருக்கும், ஒவ்வொன்றாக ‘தயார்’ என்று மாறும். பழைய கார் பார்க்கப் போகும்போதும் இதைத்தான் முதலில் திறக்க வேண்டும்: லைட் எரியவில்லை, ஆனால் மானிட்டர்களில் பல முடியவில்லை என்றால், காலையில்தான் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் மானிட்டர்கள் தயாராகி, லாங் டெர்ம் ட்ரிம் ஏழெட்டுக்குள் நின்றால் வேலை முடிந்தது. கசிவு எதுவும் கிடைக்காமல் லோடில் மட்டும் இன்னும் ஏறுகிறது என்றால் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிடுங்கள். ஃப்யூல் பிரஷர் கேஜ் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் லைனில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அந்த அளவைக் கணினிக்குச் சொல்லும் சென்சார் பல சாதாரண பெட்ரோல் என்ஜின்களில் கிடையாது.